எந்த ஊர், எந்த நாடு: தொடக்கநிலை ஆங்கிலக் கல்வியில் தன்னறிமுகமும் நாட்டினப் பெயர்களும்

(தென்காசி, குற்றாலப் பகுதியை முன்வைத்து நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1. பொருளும் எல்லையும்

ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் ஒருவர் முதலிற் கற்றாக வேண்டியவை எவை என்ற வினாவுக்கு உலகின் பெரும்பாலான பாடத்திட்டங்கள் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன: தம் பெயரைச் சொல்லுதல், தாம் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லுதல், தம் நாட்டைச் சொல்லுதல், இவற்றையே பிறரிடம் கேட்டறிதல். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்தகுதிப் பொதுச் சட்டகம் மொழித்திறனை ஆறு படிகளாக வகுத்து, அவற்றுள் முதற்படியான ‘ஏ1’ நிலைக்குரிய அடையாளங்களுள் ஒன்றாக, தன்னையும் பிறரையும் அறிமுகப்படுத்தும் ஆற்றலையும், வசிப்பிடம், பழகியவர்கள், உடைமைகள் ஆகியன பற்றி எளிய வினாக்களைக் கேட்டு விடையளிக்கும் ஆற்றலையும் குறிப்பிடுகிறது. ‘நாட்டினம்’ என்னும் சொல் இச்சொற்பொழிவில், ‘இண்டியன்’, ‘சிங்கப்பூரியன்’, ‘ஸ்ரீலங்கன்’ என்றாற்போல ஒருவர் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் ஆங்கிலச் சொற்களைக் குறிக்கும். அவ்வுறவு சட்டத்தில் பெறும் வடிவம் ‘குடியுரிமை’ எனப்படும்.

இப்பாடம் எளியது என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே பரவலாக உண்டு. நாடுகளின் பெயர்களை ஒரு பத்தியிலும் நாட்டினப் பெயர்களை மறு பத்தியிலும் எழுதி, மாணவர் ஒவ்வொருவரையும் எழுப்பி “ஐ ஆம் இண்டியன்” என்று சொல்ல வைத்தால் பாடம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் நாற்பது இந்தியர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் ஓர் இந்தியர் எழுந்து தாம் இந்தியர் என்று அறிவிக்கும்போது எவருக்கும் எச்செய்தியும் கிடைப்பதில்லை. செய்தி இல்லாத இடத்தில் கேட்பவர் கவனிப்பதில்லை, கவனிப்பவர் இல்லாதபோது சொல்பவருக்கும் மொழி மனப்பாட ஒலியாகவே தங்கிவிடுகிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இந்நிலப்பகுதியில், யார் எந்த ஊர், எந்த நாடு என்பது குடும்பந்தோறும் பேசப்படும் உண்மையான செய்தி. அச்செய்தியிலிருந்து பாடம் தொடங்க வேண்டும், ஊரிலிருந்து நாட்டை நோக்கி அது விரிய வேண்டும் என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து.

2. ‘எந்த ஊர்?’ என்னும் வினா

முன்பின் அறியாத தமிழர் இருவர் பேருந்திலோ அருவிக்கரையிலோ சந்தித்தால் பெயருக்கும் முன்பாக ஊர் கேட்கப்படுவதே பெரும்பாலும் வழக்கம். மானிடவியலாளர் இ. வாலன்டைன் டேனியல் 1984-இல் வெளியிட்ட ‘ஃப்ளூயிட் சைன்ஸ்’ என்னும் நூலில் இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்து, கிராமம், தேசம் போன்ற சொற்கள் அரசு வரைந்த எல்லைகளைக் குறிப்பதால் யார் சொன்னாலும் பொருள் மாறாதவை என்றும், ‘ஊர்’ என்னும் சொல்லோ பேசுபவரையும் கேட்பவரையும் பேசும் இடத்தையும் பொறுத்து விரிந்தும் சுருங்கியும் பொருள் தருவது என்றும் விளக்கினார். கடையத்தைச் சேர்ந்த ஒருவர் தென்காசிப் பேருந்து நிலையத்தில் ‘கடையம்’ என்பார். சென்னையில் ‘தென்காசிப் பக்கம்’ என்பார். திருவனந்தபுரத்தில் ‘தமிழ்நாடு’ என்பார். மஸ்கட்டில் வேற்று நாட்டவர் கேட்டால் ‘இந்தியா’ என்பார். நான்கு விடைகளும் உண்மையே. எதுவரை சொன்னால் கேட்பவருக்குப் புரியும் என்ற கணக்கே விடைகளை வேறுபடுத்துகிறது.

“வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்ற ஆங்கில வினாவும் இவ்வாறே நடந்துகொள்கிறது. கேட்பவர் யார் என்பதை அறியாமல் அதற்கு ஒரே சரியான விடையை எவராலும் தர இயலாது. இதற்கு மாறாக “வாட் இஸ் யுவர் நேஷனாலிட்டி?” என்ற வினா இடத்துக்கு இடம் மாறாத ஒற்றை விடையை வேண்டுகிறது, அதன் உண்மையான வாழிடம் விண்ணப்பப் படிவமும் குடியேற்ற அலுவலரின் மேசையும் ஆகும். இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் கருதிக் கற்பிக்கும் பாடநூல்கள், நேர்ப்பேச்சில் அலுவலரைப் போல வினவும் மாணவரை உருவாக்கிவிடுகின்றன. முதல் வினாவுக்குத் தேவையான நுட்பம், அதாவது கேட்பவரை அளந்து இடத்தைச் சொல்லும் திறன், தமிழ் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் தர வேண்டியது அதற்கான ஆங்கில வடிவம் மட்டுமே.

தன்னறிமுகத்தை ஒரு கலையாகவே வளர்த்த இலக்கியமும் இம்மண்ணுக்கு உண்டு. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையே அமைந்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்ல வந்த சிங்கி தலைவி வசந்தவல்லியின் வினாக்களுக்கு விடையாகத் தன் மலையின் வளம், நாட்டின் வளம், தலத்தின் பெருமை, தன் குறியின் திறம் எனப் படிப்படியாகத் தன்னை விளக்கிச் செல்கிறாள். குறி சொல்லிப் புகழ்பெற்ற இடங்களாக அவள் அடுக்கும் பெயர்களுள் கொச்சி, வங்காளம், ஈழம், சீனம் ஆகியனவும் இடம்பெறுகின்றன. இடத்தில் தொடங்கித் தொழிலில் முடியும் இவ்வரிசையில் ஒவ்வொரு கூறும் ஒரு வினாவுக்கு விடையாக வருகிறது என்பதும், கேட்பவள் உண்மையிலேயே அறியாத செய்தியையே சொல்பவள் தருகிறாள் என்பதும் மொழி ஆசிரியர் உற்றுநோக்கத்தக்கவை. அருவிக்கு அருகில் படிக்கும் மாணவர் தமிழ்ப் பாடத்தில் இந்நூலைச் சந்திக்கும்போதே ஆங்கில ஆசிரியரும் அதன் அமைப்பைப் பயன்படுத்திக்கொள்ள இடமுண்டு.

3. இரு மொழிகளின் இலக்கணம் பிரியும் இடங்கள்

தமிழ் மாணவர் இப்பாடத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழின் அமைப்பு செவ்வனே செயல்படுவதன் விளைவாக வருபவை. “நான் இந்தியன்”, “என் பெயர் மாரி” ஆகிய தொடர்களில் பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கிறது. இலக்கணம் இதனைப் பெயர்ப்பயனிலை என்கிறது. ஆங்கிலத் தொடரோ வினைச்சொல் இன்றி முற்றுப்பெறாது என்பதால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ என்னும் இணைப்பு வினைகள் கட்டாயமாகின்றன. “ஐ இண்டியன்”, “மை நேம் மாரி” என்று சொல்லும் மாணவர் தமிழ்த் தொடரை ஆங்கிலச் சொற்களால் நிரப்புகிறார்.

இதனை விளக்கத் தமிழ் இலக்கணத்திலேயே ஒரு கருவி உண்டு. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பிறந்து, காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல், செய்தவரை மட்டும் ஈற்றால் உணர்த்தும் சொல்லைப் பவணந்தி முனிவரின் நன்னூல் குறிப்பு வினைமுற்று என வகுக்கிறது. இவற்றுள் இடத்தின் அடியாகப் பிறக்கும் வகையில் ‘தென்காசியேன்’ என்றால் தென்காசியைச் சேர்ந்தவன் பேசுகிறான் என்பது ‘ஏன்’ ஈற்றால் விளங்கும்; ‘தென்காசியான்’ என்றால் படர்க்கை ஆண் என்பது ‘ஆன்’ ஈற்றால் விளங்கும். பழந்தமிழ் ஈற்றில் வைத்த தன்மை, படர்க்கை வேறுபாட்டை ஆங்கிலம் ‘ஆம்’, ‘இஸ்’ என்னும் தனிச்சொற்களில் வைக்கிறது என்று காட்டினால், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு அவ்வினைகள் காரணமற்ற இடையூறாகத் தோன்றாமல் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும் உறுப்பாகத் தோன்றும்.

இரண்டாவது சிக்கல் நாட்டினப் பெயர்களின் ஈறுகள். ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் நான்கு குழுக்களில் அடங்குகின்றன: ‘அன்’ ஈற்றுக் குழுவில் இண்டியன், மலேசியன், சிங்கப்பூரியன், அமெரிக்கன், ‘ஈஸ்’ ஈற்றுக் குழுவில் சைனீஸ், ஜாப்பனீஸ், ‘இஷ்’ ஈற்றுக் குழுவில் பிரிட்டிஷ், ஐரிஷ், ‘ஈ’ ஈற்றுக் குழுவில் ஒமானி, குவைத்தி, எமிராத்தி, பாகிஸ்தானி. பிரெஞ்ச், டச்சு, தாய், சுவிஸ் போன்றவை எக்குழுவிலும் அடங்காமல் தனித்து நிற்கின்றன. உலகப் பாடநூல்கள் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று தொடங்குவது அவை ஐரோப்பாவில் எழுதப்பட்டமையால். தென்காசி வகுப்பறையில் ‘அன்’ குழுவும் ‘ஈ’ குழுவும் முதலில் வர வேண்டும், ஏனெனில் மாணவரின் உறவினர் வாழும் நாடுகள் அவற்றுள்தாம் அடங்கியுள்ளன. ‘ஈஸ்’ ஈறு சேரும்போது சொல்லின் அழுத்தம் கடைசி அசைக்கு நகர்ந்துவிடுவதால் ‘ஜப்பான்’ என்ற சொல்லைப் பழகியவர் ‘ஜாப்பனீஸ்’ என்பதைக் காதால் அடையாளம் காணத் தனிப்பயிற்சி வேண்டும்.

‘அன்’ ஈறு தமிழ்ச் செவிக்கு ஆண்பால் ஈறாக ஒலிக்கும் என்பதும் கவனத்துக்குரியது. தமிழில் ‘இந்தியன்’ ஆண்மகனைக் குறிக்க, ஆங்கிலத்தில் ‘இண்டியன்’ இரு பாலுக்கும் பொதுவாக நிற்பதால், “ஷி இஸ் இண்டியன்” என்னும் தொடரைப் பெண்பால் எடுத்துக்காட்டாகத் தொடக்கத்திலேயே தருவது பயனுடையது. அவ்வாறே, எண்ணிக்கை காட்டும் ‘எ’, ‘அன்’ என்னும் முன்னிடைச்சொற்களை நாட்டினப் பெயரோடு சேர்க்கலாமா என்ற குழப்பத்துக்கும் எளிய வழி உண்டு. “ஐ ஆம் இண்டியன்”, “ஐ ஆம் அன் இண்டியன்” இரண்டும் சரி. ஆனால் “ஷி இஸ் எ சைனீஸ்” என்பது இயல்பான ஆங்கிலமாக ஒலிப்பதில்லை. ஆதலால் தொடக்கநிலையில் முன்னிடைச்சொல் இல்லாத பெயரடை வடிவத்தை மட்டும் கற்பித்தால் எல்லா நாட்டினங்களுக்கும் ஒரே வாய்பாடு போதும். தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாமையால், நாட்டையும் நாட்டினத்தையும் மொழியையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் தொடங்க வேண்டும் என்ற விதியும் எழுத்துப் பயிற்சியில் அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டியதாகிறது.

மூன்றாவது சிக்கல் இலக்கணத்தைத் தாண்டியது. நாடு, நாட்டினம், மொழி என மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை பாடநூல்களின் நிலையான உறுப்பு. பிரான்ஸ், பிரெஞ்ச், பிரெஞ்ச் என்று அது தடையின்றி ஓடும். ஒரு நாட்டுக்கு ஒரு மொழி என்ற ஐரோப்பியத் தேசியக் கருத்து இவ்வட்டவணைக்குள் மறைந்திருக்கிறது. இந்தியா என்று தொடங்கினால் மூன்றாம் பத்தியில் எதை எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. ‘இண்டியன்’ என்று ஒரு மொழி இல்லை. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என நான்கு. இலங்கையின் ஆட்சிமொழிகள் சிங்களமும் தமிழும். ஆகவே “ஐ ஆம் இண்டியன். ஐ ஸ்பீக் தமிழ்”, “ஹி இஸ் சிங்கப்பூரியன். ஹி ஸ்பீக்ஸ் தமிழ், டூ” என்ற இணைகளைக் கொண்டே நாட்டினமும் மொழியும் வேறு வேறு என்பதை முதல் வாரத்திலேயே உணர்த்திவிடலாம்.

4. எல்லைகள் நகர்ந்த நிலம்

நாட்டினம் பிறப்போடு ஒட்டி வந்து என்றும் மாறாமல் நிற்பது என்ற எண்ணத்தை இப்பகுதியின் வரலாறே திருத்தும். செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்த ஊர். 1930-இல் அங்கே பிறந்த ஒருவர் திருவிதாங்கூர் மன்னரின் குடிமகன். 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவர். 1950 ஜனவரி 26-இல் குடியரசான இந்தியாவின் குடிமகன். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தார். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாட்டவர். 2019 நவம்பர் 22-இல் புதிய மாவட்டம் தொடங்கப்பட்ட பின் தென்காசி மாவட்டத்தார். வீடு மாறாமலேயே அவர் விடைகள் இத்தனை முறை மாறியிருக்கின்றன. இத்தகைய முதியவர் ஒருவரின் வாழ்க்கையைக் கால வரிசையில் தந்து, ஒவ்வோர் ஆண்டிலும் அவர் தம்மை எப்படி அறிமுகப்படுத்தியிருப்பார் என்று கேட்கும் பயிற்சி, ‘இஸ்’, ‘வாஸ்’ என்னும் நிகழ்கால, இறந்தகால வினைகளின் வேறுபாட்டையும் உடன் கற்பித்துவிடும்.

கடையநல்லூர், தென்காசி ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு நாட்டினம் என்பது கடல் கடந்த உறவின் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே இவ்வூர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள் அங்கே குடும்பத்தோடு வேரூன்றினர். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தோன்றியது; அதன் முயற்சியால் 1946-இல் அங்கே உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி தொடங்கப்பட்டது. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனிநாடானபின், அங்கேயே தங்கியவர்கள் சிங்கப்பூரியர் ஆயினர். ஊரில் இருந்த உடன்பிறந்தார் இந்தியராக நீடித்தனர். இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் வெவ்வேறு பாஸ்போர்ட்டுகளை வைத்திருக்கின்றனர். “மை கசின் இஸ் சிங்கப்பூரியன். ஹெர் கிராண்ட்ஃபாதர் வாஸ் ஃப்ரம் கடையநல்லூர்” என்னும் இரு தொடர்கள், நாட்டினத்தையும் பூர்வீகத்தையும் பிரித்துக் காட்டுவதில் எந்தப் பாடநூல் எடுத்துக்காட்டுக்கும் குறைந்தவை அல்ல.

நாட்டினம் ஒருவரின் விருப்பத்தைக் கேளாமல் பறிக்கப்படவும் கூடும் என்பதற்கு இலங்கை மலையகத் தமிழர் வரலாறு சான்று. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. ‘எங்கே பிறந்தாய்?’ என்பதற்கு ஒரு விடையும் ‘எந்த நாட்டவர்?’ என்பதற்கு வேறொரு விடையும் உடைய இவர்களின் நிலை, உயர்வகுப்பு மாணவருக்கு “பார்ன் இன்” என்னும் தொடரைக் கற்பிக்கும்போது விளக்கத்தக்கது.

5. முறைகள் கடந்து வந்த வழி

தமிழ்நாட்டில் தொடக்கநிலை ஆங்கிலம் கற்பித்தல் உலகக் கவனம் பெற்ற இரு தருணங்கள் உண்டு. முதலாவது, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க மேற்கொள்ளப்பட்ட பெருமுயற்சி. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அவர்கள் மேலும் பலருக்குத் தருவதாக அமைந்தமையால் அது ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் பெற்றது. அம்முயற்சி பரப்பியது ‘அமைப்பு முறை’. அதாவது, ஆங்கிலத் தொடர் அமைப்புகளை எளிமையிலிருந்து கடினம் நோக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழிப் பயிற்சியால் பழக்கமாக்கும் முறை. “ஐ ஆம் எ பாய்”, “ஷி இஸ் எ கேர்ள்” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும் காட்சி இம்முறையின் எச்சமே.

இரண்டாவது, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய, பெங்களூர்த் திட்டம் என்று அறியப்பட்ட ஆய்வு. தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்த அவ்வாய்வின் முடிவுகளை அவர் 1987-இல் ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ என்னும் நூலாக வெளியிட்டார். மாணவரின் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழியின் வடிவம் நன்றாகப் பதிகிறது என்பது அவர் கொள்கை. வகுப்பறைச் செயல்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் கேட்டறியும் தகவல் இடைவெளிச் செயல், தரப்பட்ட தகவல்களிலிருந்து புதிய முடிவை ஊகித்தறியும் பகுத்தறிவு இடைவெளிச் செயல், சொந்தக் கருத்தையோ உணர்வையோ வெளியிடும் கருத்து இடைவெளிச் செயல். இவற்றுள் இரண்டாவதே தொடக்கநிலையாளருக்கு மிகவும் பயனளிப்பது என்று அவர் கருதினார்.

அமைப்பு முறை கொடுத்த வரிசையொழுங்கையும் பிரபு வலியுறுத்திய பொருளீடுபாட்டையும் நாட்டினப் பாடத்தில் இணைக்க முடியும். 2022 ஜூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பிலுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகக் கொண்டு தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றைச் செயல்வழியே கற்பிப்பதால், இவ்விணைப்புக்கான வகுப்பறைச் சூழலும் இன்று அரசுப் பள்ளிகளில் உருவாகியுள்ளது.

6. பாடத்தின் அமைப்பு: ஊரிலிருந்து வெளிநோக்கி

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பாடத்தை மூன்று வட்டங்களாக அமைக்கலாம். முதல் வட்டம் ஊர். மேலகரம், இலஞ்சி, வல்லம், பண்பொழி, ஆய்க்குடி எனப் பல ஊர்களிலிருந்து வரும் மாணவர் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதால், “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்ற வினா இங்கே உண்மையான வினாவாகிறது. மாணவர் எழுந்து நடந்து, வகுப்பில் எந்த ஊரார் எத்தனை பேர் என்று கேட்டுக் கணக்கெடுத்தால் ஒரே தொடரை இருபது முறை சொல்லியும் சலிப்பு தோன்றாது.

இரண்டாம் வட்டம் மாநிலம். தென்மேற்குப் பருவமழையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் சீசனில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வருவோரில் ஆரியங்காவு வழியே கேரளத்திலிருந்து வருவோரும் பலர். “தே ஆர் ஃப்ரம் கேரளா. தே ஸ்பீக் மலையாளம்” என்ற தொடர்கள் பன்மை வினையை அறிமுகப்படுத்துவதோடு, மொழி வேறு, நாட்டினம் ஒன்று என்பதையும் காட்டுகின்றன.

மூன்றாம் வட்டம் நாடு. இங்கேதான் நான்கு வகைத் தொடர்களை வேறுபடுத்தும் பயிற்சி இன்றியமையாதது. ஒமானில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் ஒருவரைப் பற்றி “ஹி இஸ் ஃப்ரம் தென்காசி” என்பது பூர்வீகம். “ஹி லிவ்ஸ் இன் மஸ்கட்” என்பது வசிப்பிடம். “ஹி வொர்க்ஸ் இன் எ ஷாப்” என்பது தொழில். “ஹி இஸ் இண்டியன்” என்பது நாட்டினம். ‘மாமா ஒமானில் இருக்கிறார்’ என்பதைக் கேட்டு “ஹி இஸ் ஒமானி” என்று எழுதும் பிழை இந்நான்கையும் பிரிக்காத பாடத்தின் விளைவு. பிரபு கூறிய பகுத்தறிவு இடைவெளிச் செயலுக்கு இது தக்க களம்: பிறந்த ஊர், வசிக்கும் நகரம், பேசும் மொழிகள், பாஸ்போர்ட்டின் நாடு ஆகிய குறிப்புகளைக் கொண்ட அட்டைகளைத் தந்து, அட்டைக்குரியவர் எந்நாட்டவர், எதனால் அவ்வாறு சொல்ல முடியும் என்று இருவர் இருவராக ஆராயச் செய்யலாம்.

பள்ளிக்கு வெளியே உள்ள கற்போருக்கும் இவ்வமைப்பு பொருந்தும். குற்றாலத்தின் ஆட்டோ ஓட்டுநர், எண்ணெய்த் தேய்ப்பாளர், பழக்கடைக்காரர், விடுதிப் பணியாளர் ஆகியோருக்கு நீண்ட தன்னறிமுகம் தேவையில்லை. வினாக்களே முதலில் தேவை. விடுதியில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு “மே ஐ சீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?” என்பதும் நாட்டினப் பெயர்களைப் படித்தறிவதும் தொழில் தேவை. அதே விருந்தினரோடு தேநீர்க்கடையில் பேசும் ஓட்டுநருக்கு “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்பதே பொருத்தமான வினா. ‘நீ’, ‘நீங்கள்’, ‘அண்ணாச்சி’ என்று மரியாதையை விளியிலும் ஈற்றிலும் வைக்கும் தமிழர், ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’ மரியாதைக் குறைவோ என்று தயங்குவது இயல்பு. ‘ப்ளீஸ்’, ‘மே ஐ’, ‘சார்’, ‘மேடம்’ ஆகியவையும் குரலின் ஏற்ற இறக்கமும் ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்கின்றன என்று விளக்கினால் தயக்கம் குறையும்.

7. பெயரும் சொல்லாமல் இருக்கும் உரிமையும்

தன்னறிமுகத்தின் முதல் தொடரான பெயரே தமிழருக்குச் சிக்கலானது. தமிழரிற் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கிறது. பாஸ்போர்ட் படிவம் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கும்போது முன்னெழுத்தை விரித்து எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதை முன்பே முடிவு செய்யாதவர் பின்னர் இடர்ப்படுகிறார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொற்பெயர் மட்டும் உடையவரைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கியது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஒரு மாவட்டத்தில் “ஃபர்ஸ்ட் நேம்”, “சர்நேம்” ஆகிய சொற்களைப் பத்தாம் வகுப்பு முடியுமுன் தெளிவாகக் கற்பித்தல் வாழ்க்கைக் கல்வியாகும்.

தன்னைப் பற்றிப் பேசுதல் என்பது எதைச் சொல்வது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் உள்ளடக்கியது. ‘எந்த ஊர்?’ என்ற வினா ‘ஊரில் எந்தத் தெரு?’ என்று நீளும்போது அது சாதியை அறியும் முயற்சியாக மாறிவிடுவதைத் தமிழ்ச் சமூகம் நன்கறியும். அவ்வினா ஆங்கிலப் பயிற்சி என்ற பெயரில் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது. “வாட் இஸ் யுவர் ஃபாதர்?” என்ற பழைய பாடநூல் வினாவும் இத்தகையதே. தந்தையை இழந்த குழந்தையும் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசும் குழந்தையும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும் என்பதால், தன்னறிமுகத்தில் பெயரைத் தவிர எதனையும் கட்டாயமாக்காமல், பிடித்த அருவி, விளையாட்டு, உணவு, பேசும் மொழிகள் ஆகியவற்றுள் மாணவரே தேர்ந்து மூன்று தொடர்கள் சொல்லும்படி அமைப்பது தக்கது. “ஐ லைக் ஐந்தருவி” என்று சொல்லும் குழந்தை தன்னைப் பற்றிப் போதிய அளவு சொல்லிவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டிலும் இக்கொள்கை தொடர வேண்டும். ஒரே வாய்பாட்டை மனப்பாடமாக ஒப்பித்தவருக்கு முழு மதிப்பெண் அளித்து, தயங்கித் தயங்கி உண்மையான இரு செய்திகளைச் சொல்லி ஒரு வினாவும் கேட்டவருக்குக் குறைத்து அளிக்கும் வழக்கம், மொழியின் பயனையே மதிப்பீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. கேட்பவருக்குப் புதிய செய்தி கிடைத்ததா, கேட்கப்பட்ட வினாவுக்கு ஏற்ற விடையா, இணைப்பு வினை இடம்பெற்றதா என்ற மூன்று அளவுகோல்கள் முதலாண்டுக்குப் போதுமானவை.

8. முடிவுரை

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், கல்வி தமிழ் வழியாகவே உள்ளத்தில் இறங்கும் என்ற கொள்கையை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். ஆங்கிலப் பாடத்துக்கும் அக்கொள்கை ஒரு வழியில் பொருந்துகிறது. மாணவர் தமிழில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் செயலை அடையாளம் கண்டு அதற்கு ஆங்கில வடிவம் தருவதே விரைவான வழி என்பதை மேற்கூறியவை காட்டுகின்றன.

செயற்படுத்தத்தக்கவையாக நான்கு பரிந்துரைகள் இதிலிருந்து பெறப்படுகின்றன. நாட்டினப் பட்டியல் ஐரோப்பிய நாடுகளை விடுத்து, மாணவரின் உறவினர் வாழும் நாடுகளிலும் அண்டை நாடுகளிலும் தொடங்க வேண்டும். பூர்வீகம், வசிப்பிடம், தொழில், நாட்டினம் ஆகிய நான்கும் தனித்தனித் தொடர்களாகக் கற்பிக்கப்பட வேண்டும். செங்கோட்டை, கடையநல்லூர் வரலாறுகளைக் கொண்ட எளிய ஆங்கில வாசிப்புக் கட்டுரைகளை மாவட்ட ஆசிரியர்களே கூடி எழுதிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எந்த மாணவரும் சொல்ல விரும்பாத செய்தியைச் சொல்லுமாறு எந்தப் பயிற்சியும் அமையக் கூடாது. இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய பாடநூலோ வேண்டியதில்லை, அடுத்த கல்வியாண்டின் முதல் வாரத்தில், முதல் ஆங்கில வகுப்பில், “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்று கேட்டுவிட்டு விடையை உண்மையாகவே கேட்டறியும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும்.